சதம் அடித்தவரை டெஸ்டுக்கு முன்பே கப்பல் ஏற்றி அனுப்பிய இந்திய அணி: யார் இந்த லாலா அமர்நாத்? 1936-ல் நடந்தது என்ன?

களத்தில் ஒரு வீரர் பேட்டைத் தூக்கி எறிந்தால் இன்று என்ன நடக்கும்? நடுவர் புகார் செய்வார். மேட்ச் ரெஃப்ரி விசாரிப்பார். சம்பளத்தில் ஒரு பகுதி அபராதமாகப் போகும். அடுத்த மேட்ச்சில் அதே வீரர் திரும்பவும் களத்தில் நிற்பார். நாமும் அந்த வீடியோவை ரெண்டு நாள் ஷேர் செய்துவிட்டு மறந்துவிடுவோம்.

ஆனால் 90 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு இந்திய வீரர், டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கோபப்பட்டார் என்பதற்காக இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏற்றி ஊருக்கே அனுப்பப்பட்டார். முதல் டெஸ்ட் தொடங்குவதற்கு முன்பே இது நடந்தது. இத்தனைக்கும், டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவுக்காக முதல் சதம் அடித்தவரே அவர்தான்.

அவர் பெயர் லாலா அமர்நாத். 'கோபக்காரர்' என்ற பட்டம் கடைசி வரை அவரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் கோபத்துக்கு அவர் கொடுத்த விலை என்ன? தப்பு யார் பக்கம்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த லாலா அமர்நாத்?

1911 செப்டம்பர் 11 அன்று பஞ்சாபின் கபூர்தலாவில் பிறந்தவர். வசதியான குடும்பம் கிடையாது. லாகூரில் கிரிக்கெட் மேல் பிரியம் கொண்ட ஒரு முஸ்லிம் குடும்பம்தான் சிறுவன் அமர்நாத்தின் திறமையைக் கண்டுகொண்டு, தங்கள் வீட்டுப் பிள்ளை போல வளர்த்து ஆளாக்கியது. பேட்டிங், மிதவேகப் பந்துவீச்சு இரண்டும் வரும். தேவைப்பட்டால் விக்கெட் கீப்பிங்கும் செய்வார். இன்றைய பாஷையில் சொன்னால் பக்கா ஆல்ரவுண்டர்.

அந்தக் காலத்து இந்திய கிரிக்கெட் எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். இப்போது இருப்பது போல ஏலம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, விளம்பர வருமானமும் இல்லை. கிரிக்கெட்டுக்குச் செலவு செய்தவர்கள் மகாராஜாக்கள். பட்டியாலா, விஜயநகரம், போர்பந்தர், ஹோல்கர் என்று சமஸ்தானங்கள்தான் வீரர்களுக்கு வேலையும் சோறும் கொடுத்தன. அமர்நாத் பட்டியாலா மகாராஜாவின் ஆதரவில் விளையாடியவர்.

ஒருபக்கம் பணமும் பதவியும் இருந்ததால் விளையாடியவர்கள். இன்னொருபக்கம் விளையாடினால்தான் பிழைப்பு என்றிருந்தவர்கள். ஒரே அணியில், ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இந்த இரண்டு தரப்பும் இருந்தது. யார் கேப்டன் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது ரன் கணக்கு அல்ல, அந்தஸ்து.

இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். காசு வாங்காமல் ஆடுபவர் 'ஜென்டில்மேன்', காசு வாங்கி ஆடுபவர் வெறும் 'பிளேயர்'. இந்தப் பாகுபாடு அங்கே 1962-ல்தான் அதிகாரபூர்வமாக ஒழிந்தது.

ஒரே நாளில் ஸ்டார் ஆனது எப்படி?

1933 டிசம்பர். இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் போட்டி. இடம், பாம்பே ஜிம்கானா மைதானம். எதிரணி இங்கிலாந்து. கேப்டன், ஆஸ்திரேலியாவில் 'பாடிலைன்' பந்துவீச்சால் சர்ச்சையைக் கிளப்பிவிட்டு வந்திருந்த டக்ளஸ் ஜார்டின். அமர்நாத்துக்கு அது முதல் டெஸ்ட். வயது 22.

முதல் இன்னிங்ஸில் இந்தியா 219 ரன்னில் ஆல் அவுட். பதிலுக்கு இங்கிலாந்து 438. இரண்டாவது இன்னிங்ஸில் 21 ரன்னுக்குள் 2 விக்கெட் காலி. அந்த நிலைமையில் அமர்நாத்தும் கேப்டன் சி.கே.நாயுடுவும் சேர்ந்து 186 ரன் குவித்தார்கள். அமர்நாத் தடுத்து ஆடவே இல்லை, அடித்து ஆடினார். 118 ரன். டெஸ்டில் ஒரு இந்தியர் அடித்த முதல் சதம் அதுதான்.

சதத்தைத் தொட்டதும் ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓடிவந்து மாலை போட்டார்கள். ஆட்டமே கொஞ்ச நேரம் நின்றுபோனது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், ராஜாக்கள் பரிசுகளை அறிவித்தார்கள் என்றெல்லாம் அந்த மாலையைப் பற்றிச் சொல்வார்கள். மேட்ச்சில் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் அந்தத் தோல்வியை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில், வெள்ளைக்காரன் பந்துவீச்சை ஒரு 22 வயசுப் பையன் அடித்து நொறுக்கியதுதான் பேச்சு.

அந்தத் தொடரின் கடைசி டெஸ்ட் 1934 பிப்ரவரியில் நம்ம சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் அது. அதிலும் அமர்நாத் ஆடினார். அதற்குப் பிறகு அவர் அடுத்த டெஸ்ட் ஆட 12 ஆண்டுகள் ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1936-ல் நடந்தது என்ன?

1936-ல் இந்திய அணி இங்கிலாந்து கிளம்பியது. கேப்டன், விஜயநகரம் மகாராஜகுமார். கிரிக்கெட் உலகில் 'விஸ்ஸி' என்றால் தெரியும். பணம் இருந்தது, செல்வாக்கு இருந்தது. 1930-31-ல் இங்கிலாந்து ஜாம்பவான்கள் ஜாக் ஹாப்ஸ், ஹெர்பர்ட் சட்க்ளிஃப் இருவரையும் இந்தியாவுக்கு வரவழைத்துத் தன் அணியில் ஆடவைத்தவர். பேட்டிங்கும் கேப்டன்சியும்தான் அவருக்கு அந்த அளவுக்கு வரவில்லை. அணியின் மேனேஜர், மேஜர் பிரிட்டன் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி.

சி.கே.நாயுடு, விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி என்று அனுபவசாலிகள் பலர் அந்த அணியில் இருந்தார்கள். மெட்ராஸிலிருந்து எம்.ஜே.கோபாலன், சி.ராமசாமி ஆகியோரும் போயிருந்தார்கள். ஹாக்கியிலும் கெட்டிக்காரரான கோபாலன், அதே ஆண்டு நடந்த பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டுத்தான் இந்தக் கிரிக்கெட் பயணத்துக்கு வந்தார். ஹாக்கி அணி தங்கம் வென்று திரும்பியது. கோபாலனுக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பயணத்தின் முதல் சில வாரங்களில் அமர்நாத் அசத்தினார். எஸ்ஸெக்ஸ் அணிக்கு எதிராக ஒரே மேட்ச்சில் இரண்டு சதம். ஜூன் மாதம் பாதி முடிவதற்குள் 600 ரன்னுக்கு மேல் அடித்து, 32 விக்கெட்டும் எடுத்திருந்தார். ஆனால் கேப்டனோடு ஒத்துப்போகவில்லை. பந்துவீசும்போது தான் கேட்ட ஃபீல்டிங் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் அவருக்கு. எதிர்த்துப் பேசுகிறான் என்ற எரிச்சல் கேப்டனுக்கு.

லார்ட்ஸ் மைதானத்தில் மைனர் கவுன்டீஸ் அணிக்கு எதிரான மேட்ச். அங்கேதான் வெடித்தது.

பேட் கட்டித் தயாராக இரு என்று அமர்நாத்திடம் சொல்லப்பட்டது. அவரும் கால்காப்பு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு விக்கெட் விழுந்தது, வேறு ஒருவர் போனார். இன்னொரு விக்கெட் விழுந்தது, இன்னொருவர் போனார். இப்படியே காத்திருந்து, அன்றைய ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போதுதான் அவரை இறங்கச் சொன்னார்கள். போனார், அவுட் ஆகாமல் திரும்பி வந்தார். வந்த வேகத்தில் பேடையும் பேட்டையும் தன் பையில் வீசினார். பஞ்சாபியில் கோபமாக ஏதோ திட்டினார்.

அவ்வளவுதான். மேனேஜரும் கேப்டனும் பேசி முடிவெடுத்தார்கள். ஒழுங்கீனம், அடுத்த கப்பலில் ஊருக்குப் போ. சீனியர் வீரர்கள் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். அமர்நாத் மன்னிப்பும் கேட்டார். முடிவு மாறவில்லை. முதல் டெஸ்டுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், அணியின் முக்கியமான ஆல்ரவுண்டர் பெட்டியைக் கட்டினார்.

தப்பு யார் பக்கம்?

விஷயம் இந்தியாவில் பெரிய பரபரப்பானது. 3 டெஸ்ட் தொடரை இந்தியா 2-0 என்று இழந்தது. விஸ்ஸி 3 டெஸ்டிலும் சேர்த்து அடித்தது மொத்தம் 33 ரன். ஆனால் அந்தப் பயணத்தின்போதே அவருக்கு பிரிட்டிஷ் அரசின் 'சர்' பட்டம் கிடைத்தது! மெட்ராஸின் ராமசாமி தன்னுடைய 40-வது வயதில் ஓல்டு டிராஃபோர்டில் டெஸ்டில் அறிமுகமாகி 40, 60 என்று அடித்தது, தோல்விக்கு நடுவே கிடைத்த சின்ன ஆறுதல்.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமான்ட் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. விஸ்ஸியின் கேப்டன்சியை அது கடுமையாக விமர்சித்தது. ஃபீல்டிங் நிறுத்தவும், பந்துவீச்சாளர்களை மாற்றவும் அவருக்குத் தெரியவில்லை, பேட்டிங் வரிசையை ஒழுங்காக வைத்துக்கொள்ளவும் இல்லை என்றது. அமர்நாத் எதற்காகக் கோபப்பட்டாரோ, ஏறக்குறைய அதே விஷயங்கள். விஸ்ஸி அதற்குப் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை.

சரி, நியாயம் கிடைத்துவிட்டதே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். 1936 ஆகஸ்ட்டுக்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946 ஜூனில். நடுவில் இரண்டாம் உலகப் போர். அதாவது, 1934 முதல் 1946 வரையிலான 12 ஆண்டுகளில் இந்தியா ஆடியதே அந்த 3 டெஸ்ட்தான். அந்த மூன்றையும்தான் அமர்நாத்திடமிருந்து பறித்தார்கள். 22 வயதில் சதம் அடித்தவர், அடுத்த டெஸ்ட் ஆடும்போது வயது 34. அறிக்கை பழியைத் துடைத்தது. போன வயசைத் திருப்பித் தரவில்லை.

இங்கிலாந்து லீக்கில் 'புரொஃபஷனல்' ஆனது ஏன்?

1938-ல் அமர்நாத் மறுபடியும் இங்கிலாந்து போனார். இந்த முறை மகாராஜா யாரும் தயவு காட்டி அனுப்பவில்லை, சம்பளம் பேசித்தான் போனார். லங்காஷயர் லீக் என்பது ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர்களின் கிளப் கிரிக்கெட். வார இறுதியில் மேட்ச். உள்ளூர் ஆட்களோடு, காசு கொடுத்து ஒரு புரொஃபஷனல் வீரரை ஒவ்வொரு கிளப்பும் அழைத்துவரும்.

நெல்சன் என்ற கிளப்பில் 1929 முதல் 1937 வரை வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் போன இடத்துக்கு அழைக்கப்பட்டவர் அமர்நாத். 1938, 1939 இரண்டு சீசன்கள் ஆடினார். இந்திய வேகப்பந்து வீச்சாளர் அமர் சிங் ஏற்கெனவே கோல்ன் கிளப்பில் இதே போல ஆடியவர். வெளிநாட்டு கிளப்பில் சம்பளத்துக்கு ஆடும் இந்திய வீரர்களின் முதல் தலைமுறை இவர்கள். பேட் கட்டச் சொல்லிவிட்டு நாள் முழுக்க உட்காரவைக்க அங்கே யாராலும் முடியாது. காசு கொடுத்த கிளப்புக்கு ரன் வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் முதல் கேப்டன்

1946-ல் டெஸ்டுக்குத் திரும்பிய அமர்நாத், லார்ட்ஸில் ஹட்டன், காம்ப்டன், ஹேமண்ட் உள்ளிட்டோரைச் சாய்த்து 5 விக்கெட் எடுத்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு பேட்டை வீசிய அதே மைதானம்!

1947-48-ல் ஆஸ்திரேலியப் பயணம். கேப்டனாக இருக்கவேண்டிய மெர்ச்சன்ட் உடல்நிலை காரணமாக விலகினார். தேர்வாகியிருந்த ஃபசல் மஹ்மூத், பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டார். பலம் குறைந்த அந்த அணியின் தலைமை அமர்நாத்துக்கு வந்தது. ஒழுங்கீனம் என்று துரத்தப்பட்டவர், சுதந்திர இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் ஆனார்.

தொடர் 4-0 என்று போனது. ஆனாலும் சில தருணங்கள் வரலாற்றில் நின்றன.

• பிரிஸ்பேன் டெஸ்டில் 185 ரன் எடுத்திருந்த டான் பிராட்மேன், அமர்நாத் பந்தில் 'ஹிட் விக்கெட்' ஆனார். பிராட்மேன் தன் டெஸ்ட் வாழ்க்கையில் அப்படி அவுட் ஆனது அந்த ஒரே முறைதான்.

• விக்டோரியா அணிக்கு எதிராக ரன் கணக்கைத் தொடங்கும் முன்பே இந்தியா 3 விக்கெட்டை இழந்தது. அமர்நாத் 228 நாட் அவுட்.

• சிட்னி டெஸ்டில், பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த பில் பிரவுனை வினு மன்கட் ரன் அவுட் செய்தார். 'மன்கடிங்' என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். 2019 ஐபிஎல்-லில் நம்ம அஸ்வின் ஜோஸ் பட்லரை இப்படி அவுட் செய்தபோது எழுந்த சண்டை நினைவிருக்கும். முதல் மன்கடிங் நடந்தபோது கேப்டன் அமர்நாத். அன்று மன்கட் செய்தது சரிதான் என்று சொன்னவர் எதிரணி கேப்டன் பிராட்மேன்.

அந்தப் பயணத்தில் அமர்நாத் நடந்துகொண்ட விதத்தை பிராட்மேன் பின்னாளில் மனதாரப் பாராட்டி எழுதினார். அணியில் மெட்ராஸ் வேகப்பந்து வீச்சாளர் சி.ஆர்.ரங்காச்சாரியும் இருந்தார். மரியாதையாக நடத்தினால் இந்தக் கோபக்காரர் எப்படி இருப்பார் என்பதற்கு அந்தப் பயணம் ஒரு சாட்சி.

மறுபடியும் சஸ்பெண்ட்... ஏன்?

1948-49-ல் வெஸ்ட் இண்டீஸ் இந்தியா வந்தது. கேப்டன் அமர்நாத்தான். தொடர்ந்து 5 டெஸ்ட் இன்னிங்ஸில் சதம் அடித்திருந்த எவர்டன் வீக்ஸ், சேப்பாக்கத்தில் 90 ரன்னில் ரன் அவுட் ஆகி ஆறாவது சதத்தைத் தவறவிட்டது இந்தத் தொடரில்தான்.

தொடர் முடிந்த பிறகு மறுபடியும் சண்டை. இந்த முறை எதிரில் இருந்தவர், கிரிக்கெட் வாரியத் தலைவர் அந்தோணி டி மெல்லோ. மனதில் பட்டதைப் பட்டென்று பேசும் அமர்நாத்துக்கும், வாரியத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த டி மெல்லோவுக்கும் ஆகவில்லை. நீளமான குற்றப்பட்டியலோடு 1949-ல் அமர்நாத் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். இந்த முறை அவர் பேட்டை வீசவில்லை. குற்றச்சாட்டுகளை மறுத்து வரிக்கு வரி பதில் கொடுத்தார். ஒருவழியாகத் தடை நீங்கி அணிக்குத் திரும்பினார்.

திரும்பிவந்ததற்குப் பலனும் கிடைத்தது. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் இந்தியா வீழ்த்தியது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. வினு மன்கட் 12 விக்கெட் எடுத்த அந்த மேட்ச்சில், விஜய் ஹசாரே தலைமையிலான அணியில் அமர்நாத்தும் இருந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் கேப்டன். எதிரணி, புதிதாகப் பிறந்த பாகிஸ்தான். எதிரணி கேப்டன் கர்தார் லாகூர்க்காரர். அமர்நாத் வளர்ந்ததும் அதே லாகூரில். அந்தத் தொடரை 2-1 என்று வென்றது இந்தியா. டெஸ்ட் தொடர் ஒன்றை இந்தியா ஜெயித்தது அதுதான் முதல்முறை. அதோடு அமர்நாத்தின் டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தது.

புள்ளிவிவரம் என்ன சொல்கிறது?

• டெஸ்ட்: 24 போட்டிகள், 878 ரன்கள், 1 சதம், 45 விக்கெட்டுகள்
• முதல்தரக் கிரிக்கெட்: 10,000 ரன்களுக்கு மேல், 31 சதங்கள், 463 விக்கெட்டுகள்

இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல்தரக் கிரிக்கெட்டில் 31 சதம் அடித்தவருக்கு டெஸ்டில் ஒரே சதம், அதுவும் முதல் டெஸ்டில் அடித்தது. போர் விழுங்கியது பாதி என்றால், ஈகோ மோதல் விழுங்கியது மீதி.

ஓய்வுக்குப் பிறகு தேர்வுக் குழுத் தலைவராக இருந்தபோது, 1959 கான்பூர் டெஸ்டில் யாரும் எதிர்பார்க்காத ஜசு படேலை அணிக்குள் கொண்டுவந்தார். அவர் 14 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியாவை முதல்முறையாக இந்தியா வீழ்த்தியது. 1991-ல் பத்ம பூஷண், 1994-ல் சி.கே.நாயுடு விருதைப் பெறும் முதல் வீரர் என்ற பெருமை. 2000 ஆகஸ்ட் 5 அன்று 88 வயதில் டெல்லியில் காலமானார்.

கோபம் குடும்பச் சொத்தா?

மகன் சுரிந்தர் அமர்நாத் 1976-ல் ஆக்லாந்தில் தன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்து அப்பாவின் சாதனையைத் தொட்டார். இன்னொரு மகன் மொஹிந்தர், 1983 உலகக் கோப்பையின் அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஆட்ட நாயகன். அணியிலிருந்து அடிக்கடி நீக்கப்பட்டு வெறுத்துப்போன மொஹிந்தர், 1988-ல் தேர்வாளர்களை 'ஜோக்கர் கூட்டம்' என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்பா டிரெஸ்ஸிங் ரூமில் பஞ்சாபியில் சொன்னதை, மகன் ஊருக்கே கேட்கும்படி சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று அமர்நாத் ஆடியிருந்தால்?

இன்று ஐசிசி நடத்தை விதிகளில் குற்றங்கள் லெவல் 1 முதல் லெவல் 4 வரை பிரிக்கப்பட்டுள்ளன. புகார் கொடுப்பது நடுவர்கள், விசாரிப்பது மேட்ச் ரெஃப்ரி. தண்டனையை எதிர்த்து அப்பீல் செய்யவும் பல நேரங்களில் வழி உண்டு. 2016 முதல் டீமெரிட் புள்ளிகளும் இருக்கின்றன. களத்தில் யாருடன் சண்டையோ அவரே தண்டனையும் கொடுக்க முடியாது என்பதுதான் இதில் முக்கியம்.

1936-ல் இது எதுவும் இல்லை. புகார் கொடுத்தது, விசாரித்தது, தீர்ப்பு சொன்னது எல்லாமே கேப்டனும் மேனேஜரும். விசாரணைக் குழு வந்ததோ, கப்பல் கரை சேர்ந்து பல மாதங்களுக்குப் பிறகு.

அமர்நாத் கோபக்காரர் என்பதில் சந்தேகமே வேண்டாம். பேட்டை வீசியதும் தப்புதான், அவரே மன்னிப்பும் கேட்டார். ஆனால் அன்றைக்கு அந்த டிரெஸ்ஸிங் ரூமில் கோபம் இரண்டு பேருக்கும் இருந்தது. ஒருவர் சம்பளத்துக்கு ஆடியவர், அவருடைய கோபத்துக்குப் பெயர் 'ஒழுங்கீனம்'. இன்னொருவர் ராஜகுமாரர், அவருடைய கோபத்துக்குப் பெயர் 'நடவடிக்கை'. லாலா அமர்நாத்தின் கதையை இன்றும் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.